கரடி வாசம் அடித்த நத்தை ஓடுகள்

தேன்பாறைக் காட்டில் ஒரு கரடி கம்பெனி நடத்தியது.

சிரிக்காதீர்கள், நிஜமான கம்பெனிதான். காட்டின் நடுவே செங்குத்தான ஒரு பாறை. அதன் உச்சியில் வரிசையாக மலைத்தேன் கூடுகள். அங்கே ஏறக் கரடி ஒன்றால்தான் முடியும். ஆனால் தேனைக் கீழே இறக்கக் கொடிக்கயிறு வேண்டும், குடுக்கை வேண்டும், கயிறு இழுக்க வரும் குரங்குகளுக்குத் தீனி வேண்டும். அதற்கெல்லாம் கரடியிடம் வசதி இல்லை. ஆகவே அது நூறு நத்தை ஓடுகளைப் பொறுக்கியது. ஒவ்வொன்றிலும் நகத்தால் ஒரு கீறல் போட்டது. அரசமரத்தடிச் சந்தைக்கு வந்து கூவியது.

"ஒரு ஓடு ஒரு பங்கு! ஓடு வச்சிருக்கிறவங்களுக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாய் நிறையத் தேன்! தீனியைக் கொடுங்க, ஓட்டை வாங்குங்க! வேண்டாம்னா யார்கிட்ட வேணும்னாலும் வித்துக்கலாம்!"

நாற்பது ஓடுகளைக் கரடியே வைத்துக்கொண்டது. முப்பதை யானை வாங்கியது. யானை தனக்காக வாங்கவில்லை. மான்களும் மந்திகளும், "எங்களுக்கு இதெல்லாம் புரியாது, நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று தங்கள் சேமிப்பை அதனிடம் ஒப்படைத்திருந்தன. மீதி முப்பதை ஆமை, மைனா, முள்ளம்பன்றி, மூஞ்சூறு மாதிரியான சின்னப் பிராணிகள் ஆளுக்கு இரண்டு மூன்றாக வாங்கிக்கொண்டன.

யானை அன்றைக்கே ஒரு நிபந்தனை போட்டது. "மேலே ஏறிப் பார்க்கிறவன் நீ ஒருத்தன்தான். அதனால நீ உன் ஓட்டை விக்கறதா இருந்தா, மூணு நாள் முன்னாடியே மயிலைவிட்டுச் சந்தையில கூவச் சொல்லணும்!"

"அதுக்கென்ன, தாராளமா!" என்றது கரடி.

இரண்டு வருடம் தேன் தவறாமல் வந்தது. எல்லோருக்கும் வாயும் இனித்தது, பேச்சும் இனித்தது.

மூன்றாவது வருடம் வைகாசியில் ஒரு நாள் காலை. பாறை உச்சிக்குப் போன கரடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. கூடுகளில் பாதி காலி. மீதியில் புழு. தேனீக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

கரடி கீழே இறங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டது. "எப்படி இருக்கு மேலே?" என்று குரங்குகள் கேட்டன.

"சொட்டுது போங்க! வைக்க இடமில்லை!" என்றது கரடி.

அன்று சாயங்காலமே அது புனுகுப்பூனையைத் தேடிப் போனது. புனுகுப்பூனை அதற்கு மச்சான் முறை. எப்படி என்று கேட்காதீர்கள். காரியம் ஆகவேண்டும் என்றால் காட்டில் எல்லோரும் யாருக்காவது மச்சான்தான்.

"மச்சான், என் நாற்பது ஓட்டையும் நீ எடுத்துக்கோ. உன்னோடதுன்னு சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமா வித்துடு."

"மயில் கூவணுமே?"

"கரடி வித்தாத்தான் மயில் கூவணும். கரடியோட மச்சான் வித்தா எதுக்குக் கூவணும்?"

புனுகுப்பூனை கெட்டிக்காரப் பூனை. ஒவ்வோர் ஓட்டின் மேலும் தன் புனுகை லேசாகத் தடவியது. சந்தையில் பரப்பியது. கரடி பக்கத்தில் நின்றுகொண்டு பாறையின் பெருமையை விடாமல் பேசியது. ஓடுகள் சுடச்சுடப் போயின. யானைகூடப் பத்து ஓடு வாங்கியது. நிலக்கடலை, இலுப்பைப்பூ, கிழங்கு, காய்ந்த நெல்லிக்காய் என்று காட்டின் தீனியெல்லாம் கரடியின் குகைக்குப் போய்ச் சேர்ந்தது.

மூஞ்சூறுக்கு ஆறு குட்டிகள். ஏற்கெனவே மூன்று ஓடு வைத்திருந்த அது, மழைக்காலத்துக்கென்று சேர்த்த கடலை அத்தனையையும் கொடுத்து இன்னும் நான்கு வாங்கியது. பௌர்ணமிக்கு ஏழு வாய் தேன் வரும், ஆடி மழையைக் கவலையில்லாமல் தாண்டிவிடலாம் என்று அது எண்ணிக்கொண்டது. பாவம், அதைச் சொல்லிக் குற்றமில்லை. வயிறுகள் ஆறு.

ஓடுகளை வளைக்குள் கொண்டுவந்து வைத்ததும் குட்டிகள் ஆறும் ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடின.

"அம்மா! கரடி வந்திருக்கு!"

"இங்கே எங்கேடா கரடி?"

"வாசம் அடிக்குதே!"

மூஞ்சூறுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. மூக்கு தெரியும். ஒரு புது ஓட்டை எடுத்து மோந்து பார்த்தது. வெளியே புனுகு. உள்ளே, நத்தை குடியிருந்த சுருளுக்குள், சந்தேகமே இல்லாமல் கரடியின் அக்குள் வாசம். இரண்டு வருடம் குகையில் கரடி அதன் மேலேயே படுத்துத் தூங்கினால் வேறு என்ன வாசம் வரும்?

மூஞ்சூறு வெளியே ஓடியது. ஆமை புதிதாக வாங்கிய நத்தை ஓட்டை மோந்தது. கரடி! மைனாவின் புது ஓட்டை மோந்தது. கரடி! முள்ளம்பன்றியிடம் மூச்சிரைக்கச் சொன்னது.

"புதுசா விக்கிற ஓடெல்லாம் கரடியோட ஓடு! அது தன் பங்கை ரகசியமா வித்துக்கிட்டிருக்கு! மேலே என்னமோ ஆயிருக்கு!"

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துச் சிரித்தது. "உனக்கு மூக்கு நீளம், அதுக்கேத்த மாதிரி கற்பனையும் நீளம்! யானையே நாற்பது வச்சிருக்கு. பார்க்காமலா வாங்கியிருக்கும்?"

மூஞ்சூறு யானையிடம் போனது. குட்டிகளும் வரிசையாகக் கூடவே போயின.

"பெரியம்மா, பாறையில என்னமோ சரியில்லை!"

யானை காதை ஆட்டியது. "கரடி நாற்பது ஓடு வச்சிருக்கான். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவானா? போய் வேலையைப் பாரும்மா."

அதாவது, சின்னவர்கள் யானையைப் பார்த்து நிம்மதியாக இருந்தார்கள். யானை கரடியைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. கரடி மட்டும்தான் பாறையைப் பார்த்தது.

"நீங்க கடைசியா வாங்கினீங்களே பத்து ஓடு, அதைக் கொஞ்சம் மோந்து பாருங்களேன்!" என்று கெஞ்சியது மூஞ்சூறு.

யானை தும்பிக்கையை ஓடுகளின் மேல் வைத்து ஓர் இழுப்பு இழுத்தது. இழுத்த வேகத்தில் கடைசிக் குட்டி தும்பிக்கைக்குள் போகப் பார்த்தது. யானையின் முகம் மாறியது.

"கரடி!" என்றது.

"அதைத்தானே சொல்றேன்!"

யானை அக்கம்பக்கம் பார்த்தது. குரலைத் தாழ்த்தியது. "நாளை மத்தியானம் வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே. அதுக்குள்ள என் நாற்பதையும் சந்தையில தள்ளிடறேன்."

பெரியவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான்!

"யார் தலையில தள்ளுவீங்க?" என்றது மூஞ்சூறு.

"யாராவது வாங்குவாங்க. ஆமை, மைனா..."

"அவங்ககிட்ட வாங்கறதுக்கு ஏது தீனி? எல்லாம் கரடி குகையில இல்ல இருக்கு!"

மூஞ்சூறு வருத்தமாகச் சொன்னது: "வர்ற வழியில ஆமையண்ணன்கூடக் கேட்டாரு, கடைசியா ஒரு கூடை கிழங்குதான் மிச்சமிருக்கு, உன் ஓட்டைத் தர்றியான்னு. என் வாய் சரின்னு சொல்லப் போச்சு, பெரியம்மா. குட்டிங்க முகம்தான் கண்ணுல நின்னுச்சு. ஆனா நான் அவர்கிட்ட வித்தா, கரடி எனக்குச் செஞ்சதை நான் அவருக்குச் செஞ்ச மாதிரி ஆகும். விக்கறதுன்னா விஷயம் தெரிஞ்சவன்கிட்டதான் விக்கணும். அப்படி ஒருத்தன்தான் இந்தக் காட்டுல இருக்கான்."

"கரடியா? வித்துட்டுப் போனவன் எப்படித் திரும்ப வாங்குவான்?"

யானை பேசிக்கொண்டே முதுகை வேங்கை மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது. மூஞ்சூறின் மூக்கு துடித்தது.

"முதுகு அரிக்குதா பெரியம்மா?"

"உண்ணி. மூணு நாளா உயிரை வாங்குது."

"பாறையோட மேற்குப் பக்கம் நல்லா சொரசொரப்பா இருக்கும். பெரிய வெடிப்பு ஒண்ணுகூட இருக்கே, அதுக்குப் பக்கத்துல. தினமும் காலையில அங்கே போய்ச் சொறிஞ்சுக்கோங்க. யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. ஆனா சின்னவங்க எல்லாம் வித்து முடிக்கிற வரைக்கும் நீங்க ஒரு ஓடுகூட விக்கக்கூடாது."

"நான் கடைசியாவா?" யானைக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க அசைஞ்சா கரடி உஷாராயிடும்! அதுவும் இல்லாம, உங்களை நம்பித்தானே அவங்க வாங்கினாங்க?"

யானை பெருமூச்சு விட்டது. அந்தக் கடைசிப் பேச்சு அதற்கு உறைத்தது.

மறுநாள் காலை கரடி பாறைப் பக்கம் வந்தது. மேற்குப் பக்கம் யானை நின்றிருந்தது. கண்ணை மூடி, வாயைத் திறந்து, சொர்க்கத்தைக் கண்ட முகத்தோடு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தும்பிக்கை அந்த வெடிப்புக்குள் நுழைந்திருந்தது. அந்த வெடிப்பில் கரடியின் கை நுழையாது.

"என்ன பெரியம்மா, இந்தப் பக்கம்?"

"முதுகு அரிக்குதுப்பா."

"காட்டுல இல்லாத மரமா?"

"இந்த இடத்துல இருக்கிற சுகம் வேற எங்கேயும் இல்லை!"

அடுத்த நாளும் யானை வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. கரடிக்குச் சோறு இறங்கவில்லை. புனுகுப்பூனையிடம் ஓடியது.

"மச்சான், ஓடிப்போன தேனீ எல்லாம் அந்த வெடிப்புக்குள்ளதான் குடியேறியிருக்கு! யானை கண்டுபிடிச்சிருச்சு! கேட்டா முதுகு அரிக்குதாம்!"

"நிஜமாவே அரிக்கலாமே?"

"அட போடா! என்கிட்ட கேட்டப்போ வைக்க இடமில்லைன்னு நான் சொல்லலையா? விஷயம் தெரிஞ்சவன் எவன்டா உண்மையைச் சொல்லுவான்? நாற்பது ஓடு வச்சிருக்கு, ஒண்ணுகூட விக்கலை பாரு! போ, சந்தையில இருக்கிற ஓட்டையெல்லாம் வாங்கு!"

புனுகுப்பூனை சந்தைக்கு வந்தது. இரண்டு மடங்கு தீனி தருவதாகச் சொன்னது. ஆமை விற்றது. மைனா விற்றது. முள்ளம்பன்றி மட்டும், "இவ்வளவு ஏறுதுன்னா இன்னும் ஏறும்!" என்று ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூஞ்சூறு அதன் மூக்கில் ஓட்டைத் திணித்தது. முள்ளம்பன்றி நான்கு முறை தும்மியது. பிறகு பேசாமல் விற்றது.

கடைசியாக மூஞ்சூறின் வளைக்குக் கரடியே வந்தது. வாங்கும் ஆசையில் மச்சானை அனுப்பும் பொறுமைகூட அதற்கு இல்லை.

"ஏழு ஓடு வச்சிருக்கியாமே? மூணு மடங்கு தர்றேன்!"

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க. வாங்காதீங்க. பாறையை என்னைவிட உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்?" என்றது மூஞ்சூறு, நல்ல மனதோடு.

"ஓஹோ, நாலு மடங்கா கேக்கிறே? சரி, எடுத்துக்கோ!"

குகையில் இருந்த கடைசிக் கடலை மூட்டையை மூஞ்சூறின் வளை வாசலில் இறக்கிவிட்டுக் கரடி துள்ளிக்கொண்டு போனது. இப்போது அதனிடம் அறுபது ஓடு இருந்தது. சாப்பிட ஒன்றும் இல்லை.

மறுநாள் சந்தை கூடியதும் யானை தன் நாற்பது ஓட்டோடு வந்து கரடியின் முன் வைத்தது.

"நான் விக்கலாம்னு இருக்கேன். வாங்கிக்கிறியா?"

கரடிக்கு வியர்த்தது. "நீங்க... விக்கறீங்களா? அப்போ மேற்குப் பக்கம்?"

"அரிப்பு நின்னுபோச்சு. அந்தப் பாறைக்குக் கும்பிடு போடணும்!"

சந்தையே சிரித்தது. மைனா கிளையிலிருந்து விழுந்து, பறந்து, மறுபடியும் சிரித்தது.

"மோசடி! ஏமாத்திட்டீங்க!" என்று கரடி கத்தியது.

"உன்கிட்ட யார் பொய் சொன்னாங்க? நான் அரிக்குதுன்னேன், மூஞ்சூறு வாங்காதேன்னுச்சு. நீ வித்தப்போ மயில் கூவுச்சா?" என்று கேட்டது யானை. மயில், "நான் கூவலை! என்னைக் கூப்பிடவே இல்லை!" என்று இப்போது கூவியது. புனுகுப்பூனையைத் தேடினார்கள். அது எப்போதோ காணாமல் போயிருந்தது.

யானையின் ஓடுகளை வாங்கக் கரடியிடம் ஒரு நெல்லிக்காய்கூட இல்லை. நாற்பதும் யானையின் தலையிலேயே நின்றன. அது மான்களையும் மந்திகளையும் கூப்பிட்டு நேராகச் சொன்னது: "உங்க சேமிப்பை என்னை நம்பிக் கொடுத்தீங்க. நான் பாறையை விசாரிக்காம கரடி முகத்தைப் பார்த்து வாங்கிட்டேன். தப்பு என்னோடது." மழைக்காலம் முழுக்க அது அவற்றுக்காக மூங்கிலும் பலாவும் ஒடித்துப் போட்டது. அரைப்பட்டினி கிடந்து இளைத்தும் போனது.

ஆடி மழை பிடித்துக்கொண்டது. கரடி நனைந்தபடி புற்று புற்றாகத் தோண்டிக் கறையான் தின்றது. மூஞ்சூறு வளை வாசலை இலையால் அடைத்துவிட்டு, ஆறு குட்டிகளுக்கும் ஆளுக்கொரு கடலையை உடைத்துக் கொடுத்தது.

பெரிய ஆள் பங்கு வைத்திருக்கிறார் என்று நம்பி நம் சேமிப்பைப் போடக் கூடாது. தொழிலை உள்ளே இருந்து நடத்துபவர் தன் பங்கை வைத்திருக்கிறாரா, சத்தமில்லாமல் விற்கிறாரா என்பதை நாமே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.