பூளை பிடித்த விரல்

அந்தக் காலத்தில், குரங்கும் சூரியனும்கூட மனிதர்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தபோது, நம்மவர்களுக்கும் உடம்பு முழுக்க ரோமம் இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, கரடி பார்த்துப் பொறாமைப்படுகிற ரோமம். பிள்ளை பெற்றவளுக்கு அது பெரிய வசதி. பிறந்த அன்றே குழந்தை தாயின் வயிற்று ரோமத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொள்ளும். அப்புறம் அவள் மரம் ஏறலாம், கிழங்கு தோண்டலாம், பக்கத்து மரத்துக்காரியோடு சண்டையும் போடலாம். பிடித்துக்கொள்வது பிள்ளையின் வேலை. பிள்ளையைத் தூக்குவது என்றால் என்னவென்றே எந்தத் தாய்க்கும் தெரியாது.

ஆத்தி என்பவளும் அப்படித்தான் இருந்தாள். அவளுடைய மகள் பூளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, மழை பொய்த்துவிட்டது. ஊற்றுகள் வற்றின. மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆற்றில் மட்டும்தான் தண்ணீர். காலையிலும் மாலையிலும் அங்கே சிறுத்தைகள் காத்துக் கிடந்தன. உச்சிவெயிலில் அவை தூங்கிவிடும், ஆனால் அந்த வெயிலில் ரோமத்தோடு நடந்தவர்கள் பாதி வழியிலேயே சுருண்டு விழுந்தார்கள். தாகத்தில் ஆத்திக்குப் பால் வற்றியது. இரண்டு நாள் வீறிட்டு அழுத பூளை, மூன்றாம் நாள் வெறுமனே முனகினாள். ஆத்திக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

நடுப்பகலில் பாறை மேல் ஏறி நின்று சூரியனைப் பார்த்துக் கத்தினாள்.

“சாமி, ஒனக்குக் கண்ணில்லையா? எம்புள்ள சாகக் கெடக்குது. ஆத்துக்கு ஒரே ஒரு நடை போயிட்டு வர விடு!”

சூரியனுக்கே சங்கடமாகிவிட்டது. “எம்மேல கோவப்படாத, தாயி. நீ போத்தியிருக்கிற ரோமந்தான் ஒன்னப் புழுக்குது. அத எங்கிட்டக் குடுத்துரு. பதிலுக்கு வேர்வை தாரேன். எந்த வெயில்ல நடந்தாலும் ஒடம்பு குளுந்துரும்.”

பக்கத்து மரத்தில் குட்டியோடு உட்கார்ந்திருந்த கருமந்தி என்ற குரங்கு ஆத்தியின் பழைய சிநேகிதி. அவள் பதறிப்போனாள்.

“அக்கா, அவசரப்படாத! போன வாரம் எங்கிட்டயும் இதத்தான் கேட்டாரு. வேணாஞ்சாமின்னுட்டேன். ரோமம் போனா புள்ள எதப் புடிக்கும்?”

“நீ எலயத் தின்னாலே தாகம் அடங்கிரும். எனக்கு அடங்குமா? எடுத்துக்க சாமி!”

சூரியன் உருவத் தொடங்கினான். காலும் கையும் முதுகும் வயிறும் வழுவழுவென்றாயின. கீழே ரோமம் போகப் போக, பூளை மேலே மேலே ஏறிக்கொண்டே போனாள். தெம்பில்லாத பிள்ளைக்கு அந்த வேகம் எங்கிருந்துதான் வந்ததோ! கடைசியில் ஆத்தியின் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேனென்றாள். சூரியன் ஒரு பக்கம் இழுக்க, பூளை ஒரு பக்கம் இழுக்க, நடுவில் ஆத்தி அலறினாள். “சரி, அதாவது இருக்கட்டும்” என்று சூரியன் சிரித்தபடி கையை எடுத்துக்கொண்டான்.

ஆத்தி எப்போதும்போல ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு சுரைக்குடுவைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேர்வை பெருகி உடம்பு குளிர்ந்தது. ஓட்டமும் நடையுமாகப் போனாள். வேர்வையில் தலைமுடியிலிருந்து பிடி நழுவி, பூளையின் கைகள் அம்மாவின் நெஞ்சில் துழாவின, வயிற்றில் துழாவின. எங்கே தொட்டாலும் வழுக்கியது. ஆத்தி குனிந்துகூடப் பார்க்கவில்லை. பிள்ளைதான் பிடித்துக்கொள்ளுமே!

மலைப்பாதை திரும்பும் இடத்தில், பள்ளத்தின் விளிம்பில், திடீரென்று உடம்பு லேசாயிற்று.

குடுவைகளை வீசிவிட்டு அவள் பாய்ந்து கை நீட்டினாள். ஒரே ஒரு விரல்தான் எட்டியது. அது பூளையின் உள்ளங்கையில் பட்டதும் ஐந்து குட்டி விரல்களும் இறுக மூடிக்கொண்டன. பள்ளத்துக்கு மேலே, அந்த ஒற்றை விரலில் ஒரு உயிர் தொங்கியது. ஆத்தி மூச்சே விடாமல் இன்னொரு கையைப் பிள்ளைக்கு அடியில் கொடுத்து, மெல்லத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உலகத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை.

“எங்கண்ணே, இனிமே நீ புடிக்க வேணாம். நான் புடிச்சுக்கறேன்” என்று அழுதாள்.

ஆற்றில் வாய் வைத்து வயிறு முட்டக் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் பால் சுரந்தது. பூளை கண்ணை மூடிக் குடித்தாள், விரலை மட்டும் விடவில்லை.

குடுவை இல்லாமல், இரண்டு கையாலும் பிள்ளையை ஏந்தியபடி ஆத்தி திரும்பி வந்தபோது கருமந்தி கேலி செய்தாள். “என்னக்கா, ரோமந்தான் போச்சுன்னு பாத்தா, ரெண்டு கையும் போச்சா?”

“போனாப் போவுது போ” என்றாள் ஆத்தி, கையிலிருந்ததைப் பார்த்துச் சிரித்தபடி.

ஆனால் இனிப் பிடிக்க வேண்டாம் என்று அம்மா சொன்னது பூளையின் காதில் ஏறவே இல்லை. அவளுக்குப் பின்னால் பிறந்தவர்களுக்கும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. தூங்கும் குழந்தை திடுக்கிட்டு இரண்டு கையையும் விரிப்பது, இல்லாத ரோமத்தைத் தேடித்தான். அம்மாவின் கூந்தல் கிடைத்தால் அதுகள் கொத்தாகப் பிடித்து இழுப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

அன்று முதல்தான், பச்சைக் குழந்தையின் உள்ளங்கையில் விரல் வைத்தால், அது யாருடைய விரலென்றுகூடப் பார்க்காமல் இறுகப் பற்றிக்கொள்கிறது. பிடி கொடுத்தவர்களும் அன்று முதல்தான் எழுந்து போக மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள்.