மூலை சேராத போர்வை

கோணம்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. முட்டாள் என்றால் எப்போதாவது ஒரு தடவை, "அடடா, தப்புப் பண்ணிவிட்டோமே" என்று நினைத்திருக்க வேண்டும். அந்த ஊரில் யாரும் அப்படி நினைத்ததாகத் தகவல் இல்லை. அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். தலையில் அடித்துக்கொள்வதெல்லாம் சொன்னவர்களின் வேலை.

அந்த ஊர்த் தையல்கடை பொன்னுரங்கத்துடையது. "வளர்ற பையன், கொஞ்சம் தாராளமா தெச்சுக் குடுங்க" என்று ஒரு தாய் சொன்னதற்கு, பையன் வளர்ந்து மாப்பிள்ளையாகும் நாளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த மகா கெட்டிக்காரர். அவருக்கு மட்டும் மாப்பிள்ளையாகும் நாள் வரவேயில்லை. மீசை நரைக்க ஆரம்பித்த பிறகுதான், மலைமேல் இருக்கும் பனிமேட்டில் நஞ்சப்பன் என்பவர் தம் மகள் மாராத்தாளைக் கொடுக்கச் சம்மதித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"எங்கூர்க் குளிரு உங்களுக்குத் தெரியாதுங்க மாப்பிள்ளை. துண்டுத் துணியெல்லாம் கட்டங்கட்டமாச் சேர்த்து, மாப்பிள்ளை தன்ற கடையிலயே ஒட்டுப்போர்வை தெச்சுக் கொண்டாரோணும். உங்களையும் என்ற மகளையும் மூடற அளவு இருக்கோணும். வளர்பிறைக்குள்ள வந்துதுன்னா கல்யாணம். இல்லீன்னா கீழூர்க்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கறான்."

கீழூர்க்காரன் என்ற சொல் பொன்னுரங்கத்தின் நெஞ்சில் ஊசியாகக் குத்தியது. பாவம், அவருக்கு மாராத்தாளை நிஜமாகவே பிடித்திருந்தது. ஊருக்கு வந்ததும் கடையில் வேலை பார்த்த மேதைகளான ஆறுச்சாமியையும் சென்னியப்பனையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் கடை வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருந்த காந்திமதி டீச்சர் எட்டிப்பார்த்தார். டவுனில் தையல் வகுப்பு நடத்துகிற அம்மாள். நல்ல மனசு. அதனால்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஒவ்வொரு துண்டா உட்கார்ந்து தைச்சா வயசாயிடுமே, அண்ணா! சுலபமான வழி இருக்கு. துண்டுத் துணியை நீளநீளப் பட்டையா வெட்டி, ஓரத்தோட ஓரம் சேர்த்துத் தைங்க. அதைக் குறுக்கே வெட்டி, மேல் கீழா மாத்தி வச்சு மறுபடி தைச்சா, கட்டம் தானா வந்துடும். தைக்கும்போது துணியோட நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒண்ணையொண்ணு பார்த்திருக்கணும். ஒரு துண்டு முடிஞ்சதும் நூலை அறுக்காதீங்க, அடுத்ததை அப்படியே ஊசிக்குக் கொடுத்துக்கிட்டே இருங்க. கட்டத்தோட மூலைகள் ஒண்ணோடொண்ணு சேரணும். சேரலைன்னா வெட்டிட்டு மறுபடி தைங்க. அவ்வளவுதான்!"

பஸ் வந்தது. டீச்சர் ஏறிப் போய்விட்டார். உலகத்தில் பல அனர்த்தங்கள் இப்படித்தான், சொன்னவர் பஸ் ஏறிய பிறகு நடக்கின்றன.

முதல் சிக்கல் துணியில் வந்தது. சென்னியப்பன் கடை முழுக்கத் தேடிவிட்டு முகம் வாடி வந்தார்.

"அண்ணா, நம்மகிட்ட இருக்கறதெல்லாம் முழுத் துணியா இருக்குதுங்க. துண்டுத் துணிக்கு எங்க போறது?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். பிறகு, ஊர்க்காரர்கள் பொங்கலுக்குத் தைக்கக் கொடுத்திருந்த புதுத்துணிகளை எல்லாம் எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்தார்கள். மூலையில் சாக்கு நிறைய வெட்டுத்துணி கிடந்ததே என்று நீங்கள் கேட்கலாம். கிடந்தது. அது குப்பை அல்லவா, கல்யாணப் போர்வையில் குப்பையை வைப்பார்களா?

அடுத்தது பார்வைப் பிரச்சினை.

"நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்கோணும்னு டீச்சர் சொல்லிப்போட்டாங்க. துணிக்குக் கண்ணே இல்லீங்களே, எப்படிங்க பார்க்கும்?" என்றார் ஆறுச்சாமி.

"கண்ணு வெச்சுட்டாப் போவுது" என்றார் பொன்னுரங்கம். முதலாளி என்றால் சும்மாவா?

தையல் சாக்பீஸால் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு ஜோடிக் கண் வரைந்தார்கள். சென்னியப்பன் புருவமும் சேர்த்து வரைந்தார். இரண்டு பட்டைகளை எதிரெதிரே வைத்து, "பார்த்துக்கிச்சா?" என்று ஒருவர் கேட்க, "பார்த்துக்கிச்சு" என்று மற்றவர் சொன்ன பிறகுதான் மிஷின் ஓடியது. ஒரு பட்டை மாறுகண்ணாக அமைந்துவிட்டதால் அதைத் தள்ளி வைத்தார்கள். தரத்தில் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

சேர்த்த பட்டைகளைக் குறுக்கே வெட்டி மேல் கீழாக மாற்றியதும், மிஷினில் ஆறுச்சாமி. துண்டு முடிய முடிய அடுத்தது, அதற்கடுத்தது என்று ஊசிக்குக் கொடுத்துக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் துண்டுகள் தீர்ந்துவிட்டன. ஆனால் நூலை அறுக்கக் கூடாதே! கைக்கு எட்டிய ஜன்னல் திரையைக் கொடுத்தார். தன் தோள் துண்டைக் கொடுத்தார். அப்போதுதான் பொன்னுரங்கம், கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுவேட்டியைக் கட்டிப்பார்த்து, "எப்படிப்பா இருக்குது?" என்று பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லா இருக்குதுங்க" என்ற ஆறுச்சாமி வேட்டி முனையை ஊசிக்குக் கொடுத்தார்.

"டேய், டேய்! உள்ளுக்குள்ள நான் இருக்கறேன்டா!"

"யாரு இருந்தாலும் நூலை அறுக்கக் கூடாதுங்க அண்ணா. டீச்சர் வார்த்தை."

பொன்னுரங்கத்துக்கு அந்த நியாயம் புரிந்தது. வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, தள்ளி வைத்த மாறுகண் பட்டையை இடுப்பில் சுற்றிக்கொண்டார். கடைசியில் நூல்கண்டே தீர்ந்து போனதால் மிஷின் நின்றது. இல்லையென்றால் அந்தத் தெரு முழுவதும் இன்றைக்குப் போர்வைக்குள் இருந்திருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது அது நல்ல போர்வை. ஒரு குடும்பமே படுக்கலாம். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

சென்னியப்பன் குனிந்து மூலைகளைப் பார்த்தார். "சேரலீங்க" என்றார்.

வெட்டினார்கள். மறுபடி தைத்தார்கள். பழைய மூலைகள் சேர்ந்தன, புது மூலைகள் விலகின. அவற்றை வெட்டித் தைத்தார்கள். ஒவ்வொரு தையலும் தன் பங்குக்கு ஓரத்துணியை உள்ளே இழுத்துக்கொண்டது. குடும்பப் போர்வை இரண்டு பேர் போர்வையாகி, ஒரு ஆள் போர்வையாகி, தொட்டில் விரிப்பாகி நின்றது.

"அண்ணா, சிறுத்துக்கிட்டே வருதாட்ட இருக்குது" என்றார் ஆறுச்சாமி மெதுவாக.

பொன்னுரங்கம் ஆழ்ந்து யோசித்தார். "சிறுக்கலைடா. ஒண்ணை வெட்டினா எத்தனை?"

"ரெண்டுங்க."

"ரெண்டு பெருசா, ஒண்ணு பெருசா?"

"ரெண்டுதானுங்க பெருசு."

"அப்ப நாம வெட்ட வெட்ட அது பெருகிக்கிட்டுத்தான் இருக்குது. பார்க்கறதுக்குத்தான் அப்படித் தெரியுது."

கணக்குச் சரியாக இருந்ததால் மூவருக்கும் நிம்மதியாயிற்று. இன்னும் மும்முரமாக வெட்டினார்கள். வளர்பிறை முடிகிற அன்று காலையில் மூலைகள் எல்லாம் அச்சாகச் சேர்ந்தன. சேராமல் எங்கே போகும்? நாலே நாலு கட்டம்தான் மிச்சம். கைக்குட்டை அகலம், அம்மிக்கல் கனம்.

மூவரும் அதைத் தாம்பாளத்தில் வைத்து, பனிமேட்டுக்குப் போனார்கள். ஊரே நஞ்சப்பன் வீட்டு வாசலில் கூடியிருந்தது. மலைமேல் இருப்பதால் தங்களுக்கு அறிவு அதிகம் என்று பனிமேட்டுக்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு.

நஞ்சப்பன் தாம்பாளத்தைப் பார்த்தார். பொன்னுரங்கத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது ஒரு ஆளோட மூஞ்சியை மூடுமா?"

"என்னங்க மாமா இப்படிக் கேட்டுப்போட்டீங்க?" பொன்னுரங்கம் ஒரு அடி முன்னால் வந்தார். கதவருகே நின்ற மாராத்தாளையும், கூட்டத்தில் சிரித்துக்கொண்டு நின்ற கீழூர்க்காரனையும் மாறிமாறிப் பார்த்தார். "மூடுதா இல்லையான்னு போர்த்திப் பார்த்தாத்தானுங்க தெரியும்!"

வாசலில் நேராகப் படுத்தார். போர்வையை எடுத்துக் கண்மேல் வைத்துக்கொண்டார். பிறகு அலறினார்.

"மாமா! ரெண்டு பேரைத்தானே மூடச் சொன்னீங்க? இங்க உங்க ஊரையே மூடிப்போட்டுதுங்க! ஒருத்தரையும் காணோம்!"

கூட்டம் திடுக்கிட்டது. மாராத்தாள் ஓடிவந்து போர்வையை வாங்கித் தன் கண்மேல் வைத்தாள்.

"அப்பா! நெசந்தானுங்க! கீழூர்க்காரரைக்கூடக் காணோம்!"

கீழூர்க்காரன் பதறிப்போய், தான் இருக்கிறோமா என்று தன்னையே தடவிப் பார்த்துக்கொண்டான்.

நஞ்சப்பன் லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. போர்வையைப் பிடுங்கித் தாமே கண்ணில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார், அண்ணாந்தும் பார்த்தார். பிறகு அதை மெல்ல எடுத்து, இரண்டு கையாலும் தாம்பாளத்தில் வைத்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"மலையையே காணோம்" என்றார். "பொண்ணு உங்களுக்குத்தானுங்க மாப்பிள்ளை, அதுல பேச்சே இல்லை. ஆனா இத்தனை பெரிய போர்வையைத் துவைச்சா, காயப்போட எங்கூர்ல எடமில்லீங்களே!"