ஆர்ட்மன் துரையின் கல்லறையில் ஓர் இடம்

கதையைக் கேட்டுவிட்டு மெல்ல நழுவுகிற பழக்கம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கடைசியில் ஒரு கேள்வி காத்திருக்கிறது.

தரங்கம்பாடிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சிற்றூர். அங்கே தையல் கடை வைத்திருந்த நவமணியின் தாய் செல்லப்பூ, ஒரு வியாழக்கிழமை காலையில் கண்ணை மூடினாள். போகுமுன் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என்னை வேற எங்கயும் கொண்டு போயிடாதடி. துரை பக்கத்துலயே வச்சிடு."

சரி என்று நவமணி அம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அதிலுள்ள சிக்கல் நினைவுக்கு வந்தது.

அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. இனிமேல் புதுக் குழி கிடையாது, குடும்பக் கல்லறை உள்ளவர்கள் மட்டும் அதைத் திறந்து தங்கள் ஆளை வைக்கலாம் என்று சபையார் முடிவு செய்திருந்தார்கள். ஆர்ட்மன் துரையின் கல்லறையில் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. அந்த ஓர் இடத்துக்கு நான்தான் வாரிசு, நீ இல்லை என்று மூன்று வீட்டார் நின்றார்கள்.

யோகான் ஆர்ட்மன் துரை அந்தக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து அச்சு இயந்திரம் பூட்டித் தர வந்தவர். வேலை முடிந்ததும் கப்பல் ஏறியிருக்கலாம். அவரோ ஞானப்பூ என்கிற கைம்பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். ஒரு முறை தம்பி ஓட்டோ அண்ணனைப் பார்க்க வந்து, மழைக்காலம் முழுக்க இருந்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனான். அச்சுக்கூடத்து ஆட்களின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் என்றால் துரைதான் ஞானத்தகப்பனாக நிற்பார். அப்படி நின்றவரின் பேரையே பிள்ளைக்கு வைப்பது ஊர் வழக்கம்.

முதல் வாரிசு மரவாடி முதலாளி ஆர்ட்மன் தேவசகாயம். அவருடைய அப்பா பேரிலும் ஆர்ட்மன் உண்டு, தாத்தா பேரிலும் உண்டு. கொள்ளுத்தாத்தா அச்சுக்கூடத்தில் துரைக்கு வலது கையாக இருந்தாராம். பேரே சாட்சி சொல்லும்போது வேறென்ன வேண்டும் என்பது அவர் கட்சி. துரையின் கல்லறை எது என்று மட்டும் காவல்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

இரண்டாவது, சென்னையில் இன்ஜினியராக இருக்கும் லியோ. பூனைக்கண். அந்தக் கண்ணை வைத்து அவன் வீட்டுப் பெண்களை ஊர் பேசாத பேச்சில்லை. அந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும், படுக்கையில் கிடக்கும் அப்பாவையாவது மரியாதையாக அந்தக் கல்லறையில் சேர்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எச்சிலைக் கொடுத்துப் பரிசோதித்து, ஜெர்மனியில் ஓட்டோவின் பேத்தி கத்ரீனைத் தேடிப் பிடித்து, இருவருக்கும் ஒரே ரத்தம், ஆகவே தானும் துரை வம்சம் என்று காட்டி, அந்த அம்மாளை ஊருக்கே அழைத்து வந்துவிட்டான்.

கத்ரீன் துக்கம் விசாரிக்க நவமணி வீட்டுக்கு வந்தாள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் குடும்பத்துக் கதையைச் சொன்னாள். அவர்களுடையது ரொட்டிக்கடையாம். ஒரு பனிக்காலத்து விடியலில் கடை வாசலில் யாரோ ஒரு கைக்குழந்தையை விட்டுப் போயிருந்தார்களாம். அதுதான் யோகான். ஆர்ட்மன் வீட்டார் எடுத்து வளர்த்துத் தங்கள் பேரையே வைத்தார்களாம். ஓட்டோ அதற்கப்புறம் அவர்களுக்குப் பிறந்தவன். இதையெல்லாம் தமிழில் பெயர்த்துச் சொன்னவன் லியோதான். சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியது. ஆனால் தான் சொன்னதைத் தானே கவனிக்கவில்லை.

மூன்றாவது நவமணி. அவளும் தேடாமல் இல்லை. துரையின் ரத்தம் ஒரு சொட்டாவது கிடைக்காதா என்று சித்தி, பெரியம்மா ஒருவர் விடாமல் துருவிப் பார்த்தாள். கிடைத்தது வேறு. ஞானப்பூ துரை வீட்டுக்கு வரும்போதே இடுப்பில் ஒரு பெண்குழந்தை இருந்தது. துரைக்கு வேறு பிள்ளை இல்லை. அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர் அவர். அவள் வழியில் வந்தவர்கள்தான் கல்லறைத் திருநாள் தவறாமல் அந்தக் கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். செல்லப்பூ முட்டிவலியோடும் அதை விடவில்லை.

சாயங்காலம் சபைகுரு மூவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மற்ற இருவரும் சொல்லி முடித்தார்கள். துரைக்குப் பிறந்த வம்சம் என்றே ஊர் நவமணி வீட்டாரை நம்பியிருந்தது. வாயை மூடிக்கொண்டு இரு என்று கூட வந்த மாமா காதைக் கடித்தார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு வேறு. இருந்தும் நவமணி எழுந்தாள்.

"நாங்க துரைக்குப் பொறந்த வம்சம் இல்லங்கய்யா. ஞானப்பூ இடுப்புல வந்த புள்ளையோட வம்சம். பொய் சொல்லி எங்கம்மாவை அங்க வைக்க எனக்கு மனசு வரல."

சொல்லிவிட்டு உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பேரோடு வந்தவர் ஒருவர், ரத்தத்தோடு வந்தவன் ஒருவன், இரண்டும் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டவள் ஒருத்தி. இவர்களில் ஆர்ட்மன் துரைக்கு வாரிசு யார்?

விடை: நவமணிதான். தேவசகாயத்தின் பேர் ஞானத்தகப்பன் கொடுத்த பேர். அது அன்புக்குச் சாட்சி, பிறப்புக்கு அல்ல. லியோவின் ரத்தம் ஆர்ட்மன் ரத்தம்தான், சந்தேகமில்லை. ஆனால் வாசலில் கண்டெடுத்து வளர்த்த துரையின் உடம்பில் அந்த ரத்தம் ஏது? அது மழைக்காலம் தங்கிப்போன ஓட்டோ லியோவின் வம்சத்தில் விட்டுப்போனது. பெற்றவர் யாரென்றே தெரியாமல் வளர்த்தவர் பேரோடு வாழ்ந்து, அதே பேரோடு புதைந்தவர் துரை. அவர் கணக்கில் வளர்த்த பிள்ளைதான் பிள்ளை. சபைகுருவும் இதையேதான் சொன்னார். மறுநாள் செல்லப்பூவின் பெட்டிக்கு முதலில் தோள் கொடுத்தவன் லியோதான். பெட்டிக்குப் பலகை தேவசகாயத்தின் வாடியிலிருந்து வந்தது. கல்லில் பேரை எப்படி வெட்டுவது என்று கொத்தர் கேட்டபோது நவமணி தயங்கினாள். எங்கள் ஆர்ட்மன் பேரையும் சேர்த்தே வெட்டச் சொல்லுங்கள் என்றாள் கத்ரீன். பேர் கொடுப்பது அந்த வீட்டாருக்குப் பழக்கம்தானே.