விருந்தாளிக்கு ஒரு கிம்லெட்

“சனிக்கிழமை எதுவும் தப்பாயிடக் கூடாதும்மா” என்றார் தில்லைவாசன்.

சீடருக்கு அறுபத்திரண்டு வயது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். குருவுக்கு முப்பத்து நான்கு. மாடி வீட்டு மர்சலின், புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு ஓட்டல் பாரில் மது கலந்து கொடுப்பவள். அவள் ஏறினால் இவர் லிஃப்டில் ஏற மாட்டார். அப்படி இருந்த மனுஷன்தான் இப்போது அவள் சமையலறையில் நிற்கிறார்.

மகன் அறையில் ஜின் பாட்டிலைப் பார்த்து, அதை வாசலில் போட்டு உடைத்து, மகனையும் பின்னாலேயே அனுப்பியவர் அவர். ஐந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. திடீரென்று மகன் கீரன் போன் செய்தான். சனிக்கிழமை சாயங்காலம் வருகிறானாம். தங்குவாயா என்று கேட்க இவருக்குத் தைரியம் வரவில்லை.

“ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, ஐஸ். மூடிக் குலுக்கி வடிகட்டுங்க. அவ்வளவுதான் சார் கிம்லெட்.”

மறுநாள் அவரே கலந்து, தட்டு போட்டு மூடி, படியேறிக் கொண்டுவந்தார்.

மர்சலின் ஒரு வாய் குடித்தாள். மீதியைத் தொட்டியில் ஊற்றினாள்.

“எப்போ கலந்தீங்க?”

“மத்தியானமே. ஐஸ் போட்டு வச்சிருந்தேன்.”

“வெறும் தண்ணி சார்.”

அடுத்த நாள் ஐஸ் இல்லாமல் ஃப்ரிட்ஜில் வைத்துக் கொண்டுவந்தார். அதுவும் தொட்டிக்குப் போனது.

“சாறு கசந்துபோச்சு. ஏன் சார் இவ்வளவு அவசரம்?”

“அவன் வந்து உக்காந்ததும் கையில கொடுத்துடணும்மா.”

“வந்தப்புறம் கலக்குங்களேன்.”

“அதுவரைக்கும் அவன் சும்மா நிப்பானே.”

“நிக்கட்டும்.”

அவர் கையிலிருந்த தட்டு கிளாஸில் பட்டுக் கடகடத்தது. கீழே வைத்தார்.

“அவன் நின்னா நான் என்ன பேசுவேன்?”

மர்சலின் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதை அவர்கிட்ட கொடுத்து நறுக்கச் சொல்லுங்க.”

“நல்லா இருக்கே! வந்த விருந்தாளிய வேலை வாங்குறதா?”

“யாரு சார் விருந்தாளி?”

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். மேசைமேல் ஜின் பாட்டில் திறக்காமல் இருந்தது. எதுவுமே தயாராக இல்லை. இதென்ன பைத்தியக்காரத்தனம், ஓடிப்போய்க் கலந்து வைத்துவிடலாமா என்று எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

வாசல் மணி அடித்தது.

கீரன் ஷூவைக் கழற்றாமல், தோளில் பையோடு வாசலிலேயே நின்றான். எந்த நிமிஷமும் திரும்பிப் போய்விடுவான் போலிருந்தது.

“வாங்க” என்று தில்லைவாசன் வாயில் வந்துவிட்டது. பெற்ற பிள்ளையிடம்! நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

“இதை நறுக்கிக் கொடுடா. எனக்குக் கை நடுங்குது.”

கீரன் பழத்தைப் பார்த்தான். மேசைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தான்.

பையை இறக்கி வைத்தான்.

“கத்தி எங்கப்பா?”