ஏரிப் பூதத்துக்குப் பரிகாரம்

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டைக் கீர்த்திபூஷணன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டது அவன்தான், ஆட்டிவைத்தது வதந்தி. ஒரு வருஷம், தங்கைக்குப் பச்சைப் புடவை எடுத்துத் தராவிட்டால் அண்ணன்மாருக்கு ஆகாது என்றார்கள். நாட்டில் பச்சைச் சாயமே தீர்ந்துபோயிற்று. இன்னொரு வருஷம், கோயில் கல் யானை கரும்பு தின்கிறது என்றார்கள். ராஜாவே கரும்புக் கட்டோடு போய் நின்றான். யானை தின்னவில்லை. "நான் வந்த நேரம் அதற்குப் பசியில்லை போலும்" என்று திரும்பி வந்தான்!

அந்தச் சமயம் மந்திரி இளந்திரையர் பாடுபட்டு ஓர் ஏரி வெட்டி முடித்திருந்தார். அதை நம்பி ஊரே நாற்று விட்டிருந்தது. மந்திரிக்குக் கிடைத்த பெயரைக் கண்டு அரண்மனை அதிகாரி அனந்தசயனத்துக்கு வயிறு எரிந்தது. "ஏரியில் பூதம் குடியேறிவிட்டது. கரையை உடைக்காவிட்டால் ராஜாவுக்கு ஆகாது" என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார்.

கதை சபைக்கு வந்தது. ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"உடையுங்கள் கரையை! இன்றைக்கே!"

மந்திரி யோசித்தார். பூதம் இல்லை என்று சொன்னால் இவன் கேட்கவா போகிறான்? கைகூப்பி எழுந்தார்.

"பூதம் இருப்பது வாஸ்தவம், மகாராஜா. ஆனால் இவ்வளவு பெரிய ஆபத்தை முதலில் அறிந்து சொன்ன புண்ணியவான் யார்? அவருக்கல்லவா சபையில் முதல் மரியாதை?"

"அதுதானே! யாரய்யா அது?"

சேனாபதி மீசையை முறுக்கி, "அடியேன்தான்" என்றார்.

"அவருக்குச் சொன்னதே நான்" என்றார் புரோகிதர்.

அனந்தசயனத்துக்குப் பொறுக்கவில்லை. "இவர்கள் இருவருக்கும் சொன்னது நான், மகாராஜா! எனக்கு முன்னால் வேறு யாருக்கும் தெரியாது. குலதெய்வத்தின்மேல் சத்தியம்!"

"நல்லது" என்றார் மந்திரி. "நான் கேள்விப்பட்டதில் மிச்சமும் இருக்கிறது. பூதத்தை முதலில் அறிந்தவர் மொட்டையடித்து, மீசையை வழித்து, கழுத்தளவு தண்ணீரில் நின்று கூப்பிட்டால் அது அவரோடு போய்விடுமாம். கரையை உடைத்தாலோ, நேரே அரண்மனைக்கு வந்துவிடுமாம்."

"கூப்பிடுங்கள் நாவிதரை!" என்று அலறினான் ராஜா.

"ஐயோ மகாராஜா, பூதமும் இல்லை ஒன்றும் இல்லை! நானே கட்டிவிட்ட கதை!" என்று காலில் விழுந்தார் அனந்தசயனம். சபை கொல்லென்று சிரித்தது. உரக்கச் சிரித்தவர்கள் சேனாபதியும் புரோகிதரும்தான். வெட்கம் கெட்டவர்கள்!

"பொய்யா? அப்படியானால் மொட்டை கட்டாயம் உண்டு!" என்றான் ராஜா. ஏரி பிழைத்தது, நாற்றும் பிழைத்தது. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது.

"மந்திரியாரே, நீர் சொன்ன பரிகாரம்?"

"அதுவும் பொய்தான், மகாராஜா. கேட்கிற காது இருந்தால் கட்டிவிடுவது பெரிய காரியமா?"

ராஜா தலைகுனிந்தான். இனி எந்த வதந்தியையும் நம்புவதில்லை என்று சபையறியச் சொன்னான்.

மறுவாரம் ஏரிக்கரையில் ஒரே கூட்டம். அங்கே மொட்டையடித்து முழுகினால் ஆயுள் கூடுமாம்! மந்திரி பதறி ஓடினார். வரிசையில் முதல் ஆள் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மகாராஜா! தாங்களா?"

"சத்தம் போடாதீர், மந்திரியாரே. இது வதந்தி இல்லை. எல்லோருமே சொல்கிறார்கள்!"