பாம்பின் கழுத்தில் ஒரு சொல்

ஸ்டைனார் இருபது வருடம் வைக்கிங் கப்பல்களில் கொள்ளைக்குப் போனவன். தாடி நரைத்த பிறகு உளி பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்தான்.

ரூன் எழுத்துகளைக் கல்லில் வெட்டுவதில் குன்வோருக்கு நிகர் அந்தக் கடற்கரையில் யாரும் இல்லை. அவள் அவனைவிடப் பத்து வயது இளையவள்.

"எதற்காகக் கற்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"என் தம்பி ஆர்னியைச் சந்தையில் ஒருவன் வெட்டிவிட்டான், அம்மா. தம்பிக்குக் கல் நட வேண்டும். வெட்டியவன் பெயரும் அதில் இருக்க வேண்டும்."

"அது எதற்கு?"

"பழிவாங்க என் காலில் வலு இல்லை. தம்பி மகன்கள் இருவரும் கப்பலில் போயிருக்கிறார்கள். கோடையில் திரும்புவார்கள். அதற்குள் நான் செத்தாலும் கல் சொல்லும்."

குன்வோர் மறுக்கவில்லை. கரித்துண்டை எடுத்துக் கல்லின் மேல் ஒரு நீண்ட பாம்பை வரைந்தாள்.

"இதன் உடலுக்குள்தான் எழுத்து. வெளியே ஒரு கீறலும் கூடாது. வாலிலிருந்து தொடங்குங்கள். முதலில் உங்கள் தம்பி. மிச்ச இடம் மற்றவனுக்கு."

குளிர்காலம் முழுக்க ஸ்டைனார் வெட்டினான். ஆர்னி நல்ல மாலுமி. சதுப்பு நிலத்தில் ஊருக்காகப் பாலம் போட்டவன். ஒருநாளும் ரொட்டியை ஒளித்துத் தின்னாதவன்.

பனி உருகியபோது பாம்பின் கழுத்தில் ஒரே ஒரு சொல்லுக்கு இடம் மிஞ்சியது. கொலைகாரனின் பெயர் அதில் கச்சிதமாக அடங்கும்.

அன்று வெகுநேரம் உளி அசையவில்லை. கொலைகாரனின் முகத்தை நினைக்க நினைக்க, தம்பிதான் வந்து நின்றான். ஒரு புயலில் ஸ்டைனார் கடலில் விழுந்தபோது, இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே பாய்ந்தவன். இருவரையும் மேலே இழுத்துப் போட்டதும் உதடு நீலம் பாரிக்க, "தண்ணி சில்லுன்னு இருக்குண்ணே" என்று சிரித்தவன்.

ஸ்டைனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிஞ்சிய இடத்தில் ஒரு சொல்லை வெட்டினான்:

'குதித்தான்.'

வெட்டி முடித்ததும் உளியைக் கீழே வைத்தான்.

"இடம் தீர்ந்துவிட்டது, அம்மா. அவன் பெயர் ஏறவில்லை. பிள்ளைகள் வந்து கேட்டால் என்ன சொல்வேன்?"

குன்வோர் கல்தூசியை ஊதிவிட்டு, கடைசிச் சொல்லை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எங்கே குதித்தார் என்றுதான் முதலில் கேட்பார்கள். உட்காரவைத்துச் சொல்லுங்கள்."