அறைத்தோழனைக் கேள்

பர்வீன் மேம் பல்கலைக்கழகத்தில் தத்துவம் நடத்துபவர். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. புதன்கிழமை மாலைகளில் மாணவர்கள் அவர் அறைக்கு வருவார்கள். பாடத்தைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. வேலை, காதல், வீட்டாரின் எதிர்பார்ப்பு, கைப்பேசியை அணைத்துவைத்தால் வரும் பயம் என்று மனதில் கிடப்பதைக் கொட்டுவார்கள். அவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார்.

முதுகலை படிக்கும் ஜெபராஜால் அந்த அறையிலும் ஓரிடத்தில் உட்கார முடியாது. விடிந்தும் விடியாமல் ஜிம், மாலையில் ஜெர்மன் வகுப்பு, இடையில் நடக்கும்போதெல்லாம் காதில் யாராவது ஒருவரின் தன்முன்னேற்ற உரை. ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிப்பான். கூடப் படித்தவர்கள் எல்லாரும் எங்கோ போய்விட்டார்கள், தான் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்று அவனுக்கு ஓயாத தவிப்பு.

ஒரு நாள் மற்றவர்கள் போன பிறகு கேட்டான்.

"மேம், நான் வளர்றேனா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"ஹாஸ்டல்ல உன் ரூம்ல யார் இருக்கா?"

"சேதுபதி. மானாமதுரைப் பையன்."

"அவனைக் கேளு."

ஜெபராஜுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சேதுபதி எந்நேரமும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பவன். இருந்தாலும் மறுநாள் காலை ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டுவைத்தான்.

சேதுபதி கொஞ்சம் யோசித்தான். "தெரியலடா. நீ ரூம்ல இருந்தாத்தானே பார்க்க முடியும்."

ஜெபராஜ் அதை அப்படியே மேமிடம் போய்ச் சொன்னான். குரலில் புகார் இருந்தது.

"சரி, பதிலுக்கு நீ அவனை என்ன கேட்ட?" என்றார் அவர்.

அவன் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

அன்று மாலை அறைக்குத் திரும்பியபோது சேதுபதியின் மெத்தை சுருட்டிக் கட்டியிருந்தது. ஊரில் அப்பா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார், மாவு மில்லைப் பார்க்க ஆளில்லை, படிப்பை விட்டுவிட்டுப் போகிறேன் என்றான். முன்பே சொன்னேனே என்றும் சொன்னான். அவன் சொன்னபோது ஜெபராஜ் காதில் இருந்ததைக் கழற்றாமல் தலையை ஆட்டியிருக்கிறான். சேதுபதி அதைக் குறையாகச் சொல்லவில்லை. பெட்டியின் பூட்டு விழவில்லை, அதோடு போராடிக்கொண்டிருந்தான்.

ஜெபராஜ் ஜெர்மன் வகுப்புக்குப் போகவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரை கூடவே போனான். வழியெல்லாம் அவன்தான் பேசினான். தான் எப்பேர்ப்பட்ட சுயநலக்காரன், எவ்வளவு கல்நெஞ்சன் என்று சொல்லிச் சொல்லிக் கண் கலங்கினான். பேருந்து வரும்வரை சேதுபதி அவன் தோளில் கைபோட்டுத் தேற்றினான்.

"விடுடா, அவனவன் ஓட்டம் அவனவனுக்கு" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.

மறுநாள் துறை திறக்கும்போதே ஜெபராஜ் மேமின் அறை வாசலில் நின்றான். தூங்காத முகம். நடந்ததை எல்லாம் சொன்னான். பக்கத்துக் கட்டிலில் ஒருவன் இடிந்துபோய்க் கிடந்தது தன் கண்ணில் படவில்லையே என்று மாய்ந்துபோனான். இனி எல்லா வகுப்புகளையும் விட்டுவிடப் போவதாகச் சொன்னான். மனிதர்களைக் கவனிப்பதற்குப் பயிற்சி எங்காவது கொடுக்கிறார்களா என்று விடியவிடியத் தேடியதையும் சொன்னான்.

"நான் கொஞ்சம்கூட வளரலை மேம். இனிமே நான் என்னதான் செய்யணும்?"

பர்வீன் மேம் அவனை உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். அவன் குடித்து முடித்தான்.

பிறகு கேட்டார்: "சேதுபதி நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்தானா?"

ஜெபராஜுக்குத் தெரியவில்லை.